பின்சீட்டில் கேட்ட சத்தம்

போன வருடம் ஜூலை மாதம், பெங்களூருவில் நடந்த விஷயம் இது. நாங்கள் இருப்பது வைட்ஃபீல்டில். என் வீட்டுக்காரருக்கு இரண்டு சிறுநீரகங்களும் வேலைநிறுத்தம் செய்து அப்போது ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்துக்கு மூன்று நாள் கன்டோன்மென்ட் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். விடிந்தும் விடியாமலும் கிளம்பிவிட்டால் போவது சுலபம். பதினோரு மணிக்கு மேல் அந்த டிராஃபிக்கில் திரும்பி வருவதுதான் சோதனை. வந்ததும் அவரைப் படுக்க வைத்துவிட்டு, இரண்டு மணிக்கு நான் வேலையில் உட்கார வேண்டும்.

எங்களிடம் இருப்பது பதினோரு வயதான டீசல் எஸ்.யூ.வி. இன்னொருவர் ஓட்டிவிட்டு விற்றதை வாங்கியது. அப்பார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் பளபளக்கும் புது கார்களுக்கு நடுவே, கல்யாண வீட்டுக்கு வேலை உடுப்போடு வந்துவிட்ட ஆள் மாதிரி நிற்கும். ஆனால் அந்த உயரமும் அகலமான பின்சீட்டும் எங்களுக்குத் தேவை. டயாலிசிஸ் முடிந்து சில நாள் அவர் ஜம்மென்று முன்சீட்டில் உட்கார்ந்து, வழியில் தெரிகிற கன்னட போர்டுகளை எல்லாம் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே வருவார். சில நாள் பி.பி. இறங்கிவிடும். அன்று தலை நிற்காது. பின்சீட்டில் படுக்க வைத்து, ஊசி போட்ட இடது கையை மடக்காமல் நீட்டி வைக்க வேண்டும். அதற்காக இடப்பக்க முன்சீட்டை முழுக்க முன்னால் தள்ளி, அந்தச் சந்தில் ஒரு சின்ன மெத்தையைச் செருகி, அதன்மேல் கையை வைப்பேன். வீடு வந்ததும் சீட்டைப் பழையபடி பின்னால் இழுத்துவிடுவேன். இந்தச் சீட்டு விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான்தான் வைத்துக்கொள்ளவில்லை.

அந்த வருடம் கோடையில்தான் செக் இஞ்சின் லைட் எரிய ஆரம்பித்தது. இஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு. அது எரிந்தால் வண்டியில் பிக்கப் போய்விடும். ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் நொண்டி நொண்டித்தான் போகும். ஓரமாக நிறுத்தி, ஆஃப் செய்து, சிறிது நேரம் கழித்து ஸ்டார்ட் செய்தால் பெரும்பாலும் பிக்கப் வந்துவிடும். லைட் மட்டும் போகாது.

ஒரு வெள்ளிக்கிழமை, பழைய மெட்ராஸ் ரோட்டில் மேம்பாலத்தின் ஏற்றத்தில் வைத்து அது வேலையைக் காட்டியது. முன்னால் லாரி, பின்னால் பஸ். பின்சீட்டில் அவர் வெளுத்துப் போய்ப் படுத்திருக்கிறார். வண்டி தவழ்கிறது. பஸ் டிரைவர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. பைக்கில் போனவர்கள் எல்லாம் கண்ணாடி வழியாக என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள், பொம்பளை ஓட்டினால் இப்படித்தான் என்கிற பார்வை. பின்னாலிருந்து அவர் மெல்லிய குரலில் ஏதோ சொல்ல வந்தார். சீட்டு, அடியில் என்று ஏதோ காதில் விழுந்தது. "நீங்க பேசாம படுங்க, நான் பார்த்துக்கறேன்" என்றேன். அவரும் பேசாமல் படுத்துக்கொண்டார். அன்று வழியில் நின்று நின்று வீடு வந்து சேர ஒன்றே முக்கால் ஆகிவிட்டது. லிஃப்டில் அவர் என் தோளில் சாய்ந்து நின்றபோது, நடுரோட்டில் வண்டி முழுசாக நின்றுபோய் இவருக்கு மயக்கமும் வந்தால் என்ன செய்வேன் என்று நினைத்துப் பார்த்தேன். அந்தப் பயம் அதற்குப் பிறகு என்னை விட்டுப் போகவே இல்லை.

கேப் பிடிக்கலாமே என்பார்கள். பிடித்துப் பார்த்தோம். நோயாளி என்று தெரிந்ததும் ரத்து செய்தவர்கள் உண்டு. ஏறிய பிறகு சீட்டில் வாந்தி எடுத்துவிடுவாரோ என்று கண்ணாடியிலேயே பார்த்துக்கொண்டு வந்தவர்கள் உண்டு. அவர் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகு, எவ்வளவு கஷ்டமானாலும் நம் வண்டிதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், அவருக்கு உடம்பு சரியில்லாத நாளாகப் பார்த்துத்தான் அந்த லைட் வரும். நன்றாக இருக்கும் நாளில் வராது. "வண்டிக்கும் எனக்கும் ஒரே ஜாதகம்" என்பார் அவர். நான் அதைச் சிரிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும் என்பது நம் விஷயத்தில் எவ்வளவு சரியாக இருக்கிறது என்று மனதுக்குள் புலம்பினேன். எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்து வண்டி முன்னால் கட்டினேன். வாராவாரம் மாற்றினேன். லைட் அதையும் மதிக்கவில்லை.

அதற்கு முன்பே மூன்று இடங்களில் வண்டியைக் காட்டியிருந்தேன். மூவரும் ஸ்கேனரைச் செருகிப் பார்த்து, ஆளுக்கொரு சென்சாரை மாற்றினார்கள். மாற்றிய வாரம் லைட் வராது, அடுத்த வாரம் வரும். பெண் தனியாக வந்து நிற்கிறாள், நன்றாகத் தலையில் கட்டலாம் என்று நினைக்கிறார்கள் என்று எனக்குள் ஒரு கோபம் ஊறியது. சந்தேகம் என் கூடப் பிறந்தது; பூக்காரி முழம் போடும்போதுகூட கையைத்தான் பார்ப்பேன். அதனால் முதல் மெக்கானிக்கைப் பார்த்த பிறகே நானும் ஒரு சின்ன ஸ்கேனர் வாங்கினேன். ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினால் போனில் காட்டும். என்ன கோளாறு என்று ஒரு குறியீட்டு எண் வரும். கீழே அழிக்கவா என்று ஒரு பட்டன். அழுத்தினால் லைட் அணைந்துவிடும். அந்தப் பட்டனை அழுத்துவதில் எனக்கு ஒரு சுகம் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து அவரைப் படுக்க வைத்ததும் பேஸ்மென்ட்டுக்குப் போய், சீட்டைச் சரிசெய்து, அதை அழித்துவிட்டு வந்தால்தான் சாப்பாடு இறங்கும்.

மெக்கானிக்கிடம் போகும் முன்பும் அழித்துவிடுவேன். எண்ணைப் பார்த்துவிட்டால் அதற்கேற்ப ஒரு பாகத்தை விற்றுவிடுவார்கள். எண் இல்லாமல் எவன் கோளாறைக் கண்டுபிடிக்கிறானோ அவனே யோக்கியன் என்று நானாக ஒரு பரீட்சை வைத்திருந்தேன். வீட்டில் நோயாளி இருக்கிறார் என்பதையும் யாரிடமும் மூச்சு விடவில்லை. அவசரம் தெரிந்தால் விலை ஏறும் என்பது என் கணக்கு.

டயாலிசிஸ் நடக்கும் நான்கு மணி நேரம் வெளியே ஹாலில் உட்கார்ந்திருப்போமே, அங்கே எனக்கு ஒரு தோழி உண்டு. நீலசந்திராவிலிருந்து தம்பியை அழைத்துவரும் அக்கா. நான் போனில் யாரிடமோ வண்டியைத் திட்டிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு, எங்கள் தெரு முனையில் வண்டிகளுக்கு ஒயரிங் பார்க்கும் ஒரு ஆட்டோ எலெக்ட்ரீஷியன் இருக்கிறார், எடுத்த வேலையை முடிக்காமல் விடமாட்டார், போய்ப் பார் என்று வழி சொன்னார். எனக்கு நம்பிக்கை இல்லை. இருந்தாலும் அடுத்த சனிக்கிழமை, வழக்கம்போல பேஸ்மென்ட்டிலேயே எண்ணை அழித்துவிட்டு, தனியாக ஓட்டிக்கொண்டு போனேன்.

ஒரு வண்டி மட்டும் நிற்கக்கூடிய கடை. முப்பத்தைந்து வயது இருக்கும் அவருக்கு. என்னைவிட ஏழெட்டு வருடம் சின்னவர். யாரிடமோ போனில் கன்னடத்தில் பேசி முடித்துவிட்டு, என்ன பிரச்சினை என்று கேட்டார். லைட் வருகிறது, பிக்கப் போகிறது என்று மட்டும் சொன்னேன். ஸ்கேனரைச் செருகினார். ஒன்றும் இல்லை. யாராவது அழித்தார்களா என்று கேட்டார். தெரியாதே என்றேன். கண்ணிமைக்காமல் சொன்னேன்.

அவர் திரையை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கருந்து வர்றீங்க மேடம்?"

"வைட்ஃபீல்ட்."

"அழிச்சதுக்கு அப்புறம் வண்டி பதினெட்டு கிலோமீட்டர் ஓடிருக்குன்னு இதுல காட்டுது. வைட்ஃபீல்ட்லருந்து நம்ம கடை பதினெட்டுதான் வரும்."

அப்படி ஒரு கணக்கை வண்டி எழுதி வைத்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றும் தெரியவில்லை. அவர் என்னைக் குத்திக் காட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. லைட் வரும் நொடியில் வண்டி என்ன வேகத்தில் போனது, இஞ்சின் எவ்வளவு சூடு, எல்லாவற்றையும் அதுவே குறித்து வைத்துக்கொள்ளும், அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும் என்று பொறுமையாக விளக்கினார். "திருடன் வந்துட்டுப் போன வீட்ட நாமளே கழுவி உட்டுட்டு, போலீஸ கூப்பிட்ட மாதிரி மேடம்" என்றார்.

என் வேலை என்ன என்று இன்னும் சொல்லவில்லையே. கம்பெனியில் சர்வர் படுத்துவிட்டால் எழுப்பி, ஏன் படுத்தது என்று கண்டுபிடிக்கும் குழுவுக்கு நான் தலைவி. புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே நான் நடத்தும் பாடம், என்ன நடந்தது என்ற பதிவை எடுத்து வைக்காமல் எதையும் ரீஸ்டார்ட் செய்யாதே என்பதுதான். அப்படிச் செய்த ஒரு பையனை எல்லோர் முன்னாலும் வைத்து வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறேன். அவன் முகம் அந்தக் கடை வாசலில் என் கண் முன்னால் வந்து நின்றது. ஊருக்குத்தான் உபதேசம் என்பது இதுதான். நான்தான் அழித்தேன் என்று ஒப்புக்கொண்டேன். அவர் தலையாட்டினார். இனி வந்தால் அழிக்காமல், அந்த நேரம் என்ன நடந்தது என்று எழுதிக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவைத்தார். பார்க்காத வேலைக்குக் கூலி எதற்கு என்று காசும் வாங்கவில்லை.

அடுத்த வியாழன் வரை வண்டி வாலைச் சுருட்டிக்கொண்டு இருந்தது. வெள்ளிக்கிழமை அவருக்கு பி.பி. இறங்கியது, மேம்பாலம் ஏறும் முன்பே லைட் வந்தது. கை தானாக போனுக்குப் போனது. அழிக்காமல் இருப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ஓரமாக நிறுத்தி எழுதினேன்: மணி, வேகம், ஏ.சி. ஓடியது, டீசல் அரை டேங்க், லேசான தூறல். பின்னால் படுத்திருந்தவரைப் பற்றி எழுதவில்லை. அது வண்டிக்குச் சம்பந்தமில்லாத, எங்கள் வீட்டு விஷயம் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை மறுபடி நீலசந்திரா. இந்த முறை எண் இருந்தது. ஒரு சென்சாரிலிருந்து வரவேண்டிய தகவல் நடுவில் அறுந்து அறுந்து வருகிறது என்றார். அந்த சென்சார் போன மாதம்தான் மாற்றியது என்று நான் சொன்னதும், அப்படியானால் தப்பு அதனுடையது இல்லை, தகவல் வருகிற வழியில்தான் எங்கேயோ அடைப்பு என்றார். பானெட்டைத் திறந்து ஒவ்வொரு ஒயராகப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். ஒன்றும் தட்டுப்படவில்லை. என்னை ஓட்டச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து அந்த மேம்பாலம் வரைக்கும் வந்தார். போக வர வண்டி வெண்ணெய் மாதிரி போனது. நான் எழுதிய தாளை எடுத்து மறுபடி படித்தார்.

அன்றைக்கு வண்டியில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்டார். நானும் என் வீட்டுக்காரரும் என்றேன். அவர் எங்கே உட்கார்ந்திருந்தார் என்றார். பின்னால் என்றேன். இரண்டே பேர், முன்சீட்டு காலி, அப்புறம் ஏன் பின்னால் என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அழுதுவிட்டேன். ஒன்றரை வருடத்தில், டாக்டர் முன்னால் அழாதவள், மாமியார் முன்னால் அழாதவள், முன்பின் தெரியாத ஒருவர் முன்னால், அதுவும் சிக்னலில் வண்டியை நிறுத்திக்கொண்டு அழுதேன். டயாலிசிஸ், பி.பி., படுக்கை, நடுரோட்டில் நின்றுவிடுமோ என்ற பயம், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் எல்லாவற்றையும் கேட்டார். ஐயோ பாவம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "இத மொதல்லயே சொல்லிருக்கலாமேக்கா" என்று மட்டும் சொன்னார். அதுவரை மேடம் என்று கூப்பிட்டவர். பிறகு, ஆஸ்பத்திரியிலிருந்து நீங்கள் எப்படி வருவீர்களோ அப்படியே ஒருநாள் நானும் கூட வருகிறேன், கடையில் நிறுத்தி வைத்தால் இந்த வியாதி தெரியாது என்றார்.

புதன்கிழமை பதினோரு மணிக்கு, கடையைப் பூட்டிவிட்டு, ஒரு பையில் சாமான்களோடு ஆஸ்பத்திரி பார்க்கிங்கில் வந்து நின்றார். நான் என் வீட்டுக்காரரை அழைத்துக்கொண்டு வந்தேன். சொல்லிவைத்த மாதிரி அன்று அவருக்கு பி.பி. எல்லாம் ஒழுங்காக இருந்தது. தெம்பாக நடந்துவந்தார். சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில், ஒருவரை வேலை கெட வரவழைத்துவிட்டோமே, இன்றைக்குப் பார்த்து இவர் நன்றாக இருக்கிறாரே என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக உடனே என் தலையில் நானே குட்டிக்கொண்டேன்.

அவர் முன்சீட்டில், எலெக்ட்ரீஷியன் பின்சீட்டில், நான் ஓட்ட, கிளம்பினோம். ஒன்றும் வரவில்லை. இரண்டு மூன்று கிலோமீட்டர் போயிருப்போம். படுத்துக்கொண்டு வருகிற நாட்களில் எப்படி இருக்கும் என்று எலெக்ட்ரீஷியன் கேட்டார். வழக்கம்போல நான் பதில் சொல்ல ஆரம்பித்தேன். டாக்டர் கேட்டாலும் நர்ஸ் கேட்டாலும் நான்தான் பதில் சொல்வேன். எத்தனை டம்ளர் தண்ணீர், எவ்வளவு எடை, என்ன மாத்திரை, எல்லாம் என் நோட்டில் இருக்கும். யாரும் அவரைக் கேட்பதில்லை. நானும் கேட்பதில்லை.

"ஒரு நிமிஷம்க்கா" என்று என்னை நிறுத்திவிட்டு, முன்னால் குனிந்து அவரிடம் கேட்டார்: "சார், நீங்க சொல்லுங்க. படுத்துக்கினு வர்றப்போ உங்களுக்கு என்ன தெரியும்?"

என் வீட்டுக்காரர் திரும்பி அவரைப் பார்த்தார். கேள்வி தன்னிடம்தான் என்று புரிய அவருக்குச் சிறிது நேரம் ஆனது. பிறகு நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தார். கண்ணை மூடிப் படுத்திருப்பதால் காது நன்றாகக் கேட்கும். எந்த ஹம்ப், எந்தப் பள்ளம் என்று வழி முழுவதும் அவருக்கு மனப்பாடம். முன்சீட்டை முன்னால் தள்ளியிருக்கும்போது, வண்டி பள்ளத்தில் இறங்கினால் சீட்டுக்கு அடியிலிருந்து நறுக்கென்று ஒரு சத்தம் வரும். அவர் தலைக்குப் பக்கத்திலேயே வரும். "அந்தச் சத்தம் வந்த கொஞ்ச நேரத்துல இவ 'ஐயையோ, லைட்டு'ம்பா" என்றார்.

எப்போதிலிருந்து என்று எலெக்ட்ரீஷியன் கேட்டார். மார்ச் மாதம் ஒருநாள் வண்டியில் வாந்தி எடுத்துவிட்டேன், உள்ளே முழுவதும் கழுவ சீட்டையெல்லாம் கழற்றி மாட்டினார்கள், அதற்கு அப்புறம்தான் என்று அவர் சொன்னார். வாந்தி எடுத்ததை எந்தக் கூச்சமும் இல்லாமல், வேலை விஷயம் பேசுகிற மாதிரி சொன்னார். நான் அந்தக் கழுவலைச் சுத்தமாக மறந்தே போயிருந்தேன்.

"இவங்ககிட்ட சொல்லலையா சார்?"

"சொன்னேன். பேசாம படுங்கன்னா."

அவர் என்னைக் குறை சொல்லும் தொனியில் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அதிகமாக வலித்தது.

சர்வீஸ் ரோட்டில் ஒரு மரத்தடியில் நிறுத்தினோம். நடித்துக் காட்டட்டுமா என்று அவரே கேட்டார். பின்சீட்டில் போய்ப் படுத்தார். நான் முன்சீட்டை முழுக்க முன்னால் தள்ளினேன். எலெக்ட்ரீஷியன் அவருடைய தலைக்குப் பக்கத்தில், கால் வைக்கும் இடத்தில் குந்தி உட்கார்ந்து, சீட்டுக்கு அடியில் கையை விட்டுக்கொண்டார். நான் ஓட்டினேன். பின்னாலிருந்து என் வீட்டுக்காரர், கண்ணை மூடியபடியே, இப்போ ஒரு ஹம்ப் வரும், அடுத்து இடதுபக்கம் ஒரு பள்ளம் என்று அறிவித்துக்கொண்டே வந்தார். மூன்றாவது பள்ளத்தில் நறுக்கென்ற சத்தம் எனக்கே கேட்டது. மஞ்சள் விளக்கு எரிந்தது. வண்டி நொண்டியது. அந்த விளக்கைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது வாழ்க்கையிலேயே அன்று ஒருநாள்தான். "வந்துருச்சு" என்று நான் சொன்னபோது பின்னால் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

விஷயம் இவ்வளவுதான். எங்கள் வண்டியில் இஞ்சினுக்கான கம்ப்யூட்டர் பெட்டி அந்த முன்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. அதிலிருந்து கிளம்பும் ஒயர்கள் தரை விரிப்புக்குக் கீழே போக வேண்டும். கழுவிவிட்டு சீட்டை மாட்டியபோது அந்த ஒயர்க் கட்டு விரிப்புக்கு மேலே வந்துவிட்டது. சீட்டு பழைய இடத்தில் இருக்கும்வரை தொந்தரவு இல்லை. முழுக்க முன்னால் தள்ளினால் சீட்டின் இரும்புக் கால் அதன்மேல் ஏறி நிற்கும். பள்ளத்தில் இறங்கினால் நசுக்கும். நசுங்கி நசுங்கி ஒரு ஒயர் உள்ளுக்குள் அறுந்து, தொட்டுக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருந்தது. அவர் படுத்து வரும் நாளில் மட்டும்தான் நான் சீட்டைத் தள்ளுவேன். அதனால்தான் அவருக்கு முடியாத நாளாகப் பார்த்து லைட் வந்தது. விதி என்று நான் எலுமிச்சம்பழம் கட்டினேன். அது சீட்டு. மெக்கானிக்குகளிடம் போகும்போது சீட்டைப் பின்னால் இழுத்து, எண்ணையும் அழித்து, நோயாளியையும் மறைத்து, கோளாறைத் தவிர மற்ற எல்லாவற்றையும் காட்டியிருக்கிறேன். திருடர்கள் என்று நான் நினைத்த அந்த மூன்று பேர் மேல் நான் போட்ட பழியில் பாதி எனக்குச் சேர வேண்டியது.

அதே சர்வீஸ் ரோட்டில் வண்டியை ஓரங்கட்டி எலெக்ட்ரீஷியன் வேலையை ஆரம்பித்தார். சீட்டைக் கழற்றி, விரிப்பைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே ஒரே இருட்டு. தன் போனில் டார்ச்சை எரியவிட்டு, அதை என் வீட்டுக்காரரிடம் நீட்டினார். "சார், இத புடிங்க."

நான் பதறிப் போய்க் கையை நீட்டினேன். இப்போதுதான் டயாலிசிஸ் முடிந்து வந்திருக்கிறார், நான் பிடிக்கிறேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். கோபமான பார்வை இல்லை. கொஞ்சம் விடேன் என்று கேட்கிற பார்வை. நான் கையை மடக்கிக்கொண்டேன். கட்டுப் போட்ட இடது கையை மடியில் நீட்டி வைத்துக்கொண்டு, வலது கையால் டார்ச்சைப் பிடித்து, பின்சீட்டு ஓரத்தில் உட்கார்ந்தார். எலெக்ட்ரீஷியன் இன்னும் கொஞ்சம் கிட்ட, இந்தப் பக்கம் சார், ஆடாம புடிங்க சார் என்று சொல்லிக்கொண்டே வேலை பார்த்தார். ஆடினால் கண்டிக்கவும் செய்தார். முக்கால் மணி நேரம் ஆனது. நான் நடைபாதையில் நின்று, எனக்கு ஒரு வேலையும் இல்லாமல், இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றரை வருடமாக எல்லோரும் அவரைத் தூக்கினோம், படுக்க வைத்தோம், மூடினோம், துடைத்தோம். ஒரு வேலையைச் செய்து கொடுங்கள் என்று யாருமே கேட்டதில்லை.

ஒயரை ஒட்டி, மேலே உறை போட்டு, கட்டைத் தரையோடு தரையாகப் பதித்துவிட்டு, சீட்டை மாட்டினார். எண்ணை அழிக்கும் பட்டனை என்னையே அழுத்தச் சொன்னார். இப்போது அழிக்கலாம்க்கா என்றார். தன் கூலியை வாங்கிக்கொண்டார், கடையில் கொண்டுபோய் விடுகிறோம் என்றதற்கு வேண்டாம் என்று சொல்லி எதிரே பஸ் பிடித்துப் போய்விட்டார். நன்றி சொல்ல எனக்குச் சரியான வார்த்தை கிடைக்கவில்லை. உங்களுக்குப் புண்ணியமாகப் போகும் என்று எங்கள் ஊர் வழக்கத்தில் ஏதோ சொன்னேன். என் வீட்டுக்காரர்தான் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அன்று வீட்டுக்குத் திரும்பும்போது அவர் வழி முழுவதும் பேசிக்கொண்டே வந்தார். இரண்டு மணி வேலைக்கு நான் மூன்றரைக்குப் போய் உட்கார்ந்தேன். பிறகு, முன்பு எல்லோர் முன்னாலும் திட்டிய அந்தப் பையனுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று அவனுக்குக் கடைசிவரை புரியவில்லை.

அந்த லைட் அதற்குப் பிறகு ஒரு தடவைகூட வரவில்லை. டயாலிசிஸ் தொடர்கிறது, மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பெயர் பதிந்து வைத்துக் காத்திருக்கிறோம். பி.பி. இறங்கும் நாட்களும் வரத்தான் செய்கின்றன. ஆனால் இப்போது டாக்டர் அறையில் நான் நோட்டைத் திறப்பதில்லை. அவர் சொல்லி முடித்த பிறகு விட்டுப்போனதை மட்டும் சொல்கிறேன். போன மாதம் அப்படித்தான், ஊசி ஏற்றிய மூன்றாவது மணி நேரத்தில் காலில் ஒரு குறுகுறுப்பு வந்த பிறகுதான் தனக்கு பி.பி. இறங்குகிறது என்று அவரே டாக்டரிடம் சொன்னார். எனக்கு அது புதுச் செய்தி. மெஷின் உடம்பிலிருந்து நீர் எடுக்கும் வேகத்தை டாக்டர் குறைத்துப் பார்த்தார். இந்த மாதம் இதுவரை அவர் ஒரே ஒரு நாள்தான் படுத்து வந்திருக்கிறார்.

அந்த ஒரு நாளும், மேம்பாலத்தில் ஏறும்போது, பின்சீட்டிலிருந்து அவர் ஏதோ சொல்ல வந்தார், நான் ஏ.சி.யைக் குறைத்துவிட்டு, "சொல்லுங்க" என்றேன். இந்த ஒரு வார்த்தையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் நீலசந்திராவில் ஏதோ ஒரு வண்டிக்குள் இப்போதும் குந்தி உட்கார்ந்திருப்பார் என்று நினைக்கும்போதெல்லாம், ஓட்டிக்கொண்டே மனதுக்குள் அவருக்கு ஒரு கும்பிடு போட்டுக்கொள்கிறேன்.